டயர்நாத மீமாம்சை

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் உற்பத்தியாகி, எஞ்சினைப் பின்னச்சுக்கும் பின்னால் சுமந்து திரியும் போர்ஷே 911 என்னும் வேகக் காருக்கு, பழைய டயர்கள் தேய்ந்தபின் எவற்றைப் பூட்டினால் ரோட்டோசை குறையும் என்ற மகத்தான பிரச்னையை அறிஞர் உலகம் இதுகாறும் உரிய சாஸ்திர நோக்கோடு அணுகவில்லையாதலின், அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு இவ்வாராய்ச்சி இயற்றப்படுகிறது.

1. காலம்: டயரின் பக்கச்சுவரில் பொறித்துள்ள நான்கு இலக்கங்களுள் முன்னிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு வருஷத்தையும் குறிக்கும், 2319 எனில் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். நம் பழம்புலவர்களும் ஏட்டின் ஓரத்தில் இவ்வாறு பொறித்துவைத்திருந்தால், அவர்களுடைய காலத்தை நிர்ணயிப்பதிலேயே தம் காலத்தைக் கழித்துவரும் பேராசிரியர் பலருக்கு ஜீவனோபாயமே இல்லாமற் போயிருக்கும்.

2. பிரமாணம்: 911இன் 997 வகைக் கரேரா எஸ் காரின் பின்சக்கர டயருக்கு அகலம் 295 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 30, போர்ஷே அங்கீகரித்ததற்கு அடையாளம் ‘என்’ முத்திரை.

3. ஈரத்தில் பிடிப்பு: உயிரைக் காப்பது, ஆகவே ஆராய்ச்சிக்கு உரியதன்று.

4. ஓசையின் உற்பத்தி: டயரின் கட்டைகள் ரோட்டில் அறைவதாலும், பள்ளங்களில் அகப்பட்ட காற்று நசுங்கி வெளியேறுவதாலும் பிறக்கும் ஓசை, டயரும் தரையும் கூடும் ஆப்பு வடிவான இடைவெளியில், நாதஸ்வரத்தின் அணைசில் புகுந்ததுபோலப் பெருகி வெளிப்படுகிறது. ஒரே சுருதியில் ஊளையிடாதிருக்கக் கட்டைகளின் நீளத்தை வேண்டுமென்றே ஏறுமாறாக அமைக்கின்றனர். உள்ளே அடைபட்ட காற்றின் ரீங்காரத்தை அடக்கச் சிலர் டயருக்குள் பஞ்சுநுரை ஒட்டுவதும் உண்டு.

5. கேட்போன்: இதுவே இவ்வாராய்ச்சியின் இதயஸ்தானம். ஐரோப்பிய யூனியனில் 2012 நவம்பர் முதல் டயரின் லேபிளில் டெசிபல் கணக்கு அச்சிடப்படுகிறது. அதில் ஒன்றிரண்டு எண் குறைவென்று கண்டு வாங்குவோர் ஆனந்தக் கண்ணீர் வடிக்கின்றனர். அவ்வெண்ணோ, எஞ்சினை அணைத்து, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தானாக உருளவிட்டு, பாதையின் மையத்திலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நட்ட மைக்கில் அளந்தது. காரினுள் அமர்ந்து காசு கொடுத்தவனுக்கும் அதற்கும் யாதொரு நேர்ச் சம்பந்தமும் இல்லை.

அங்ஙனமாயின், 7.5 மீட்டரில் நின்று கேட்பவன் யாவன்? மூலத்துக்குப் பாஷ்யம் செய்தவர் அவன் மைக்கே என்றார். பாஷ்யத்துக்கு டீகை செய்தவர், மைக்குக்குக் காது உண்டே அன்றிக் கேள்வி இல்லை என மறுத்து, அவன் தெருவோரத்து வீட்டுக்காரன் என்றார். டீகைக்கு டிப்பணி வரைந்தவர், செல்லரித்து முதலும் ஈறும் நடுவும் இழந்த ஒரு சுவடியை ஆதாரம் காட்டி, அவன் எதிலும் தோயாத சாட்சி புருஷனே என்று நிறுவினார். அந்த டிப்பணியின் அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு எழுதியவரோ, காரோட்டியே இறங்கி 7.5 மீட்டர் தள்ளி நின்றால் அவன் கேட்போன் ஆவான் என்றும், அப்போது கார் ஓடாதாகையால் ஓசை முற்றும் ஒழியும் என்றும் முடித்து, மூன்று பல்கலைக்கழகங்களில் பொன்னாடை பெற்றார்.

6. அனுபவ சாட்சியம்: புது டயர் பூட்டியவர் அனைவரும் சத்தமே இல்லை என்று சத்தியம் செய்கின்றனர். அவர்கள் அதனை ஒப்பிடுவது ரம்பப்பல்போல் தேய்ந்து இரைந்த பழைய டயரோடாகையால், அதே கம்பெனியின் அதே டயரை மீண்டும் பூட்டியவரும் அதே சத்தியத்தைத் தயங்காமல் செய்வார்.

7. சித்தாந்தம்: இதே 911 வாங்குகையில் எஞ்சின் இன்னும் உரக்க முழங்க வேண்டுமென்று தனிப்பணம் கொடுத்து ஸ்போர்ட்ஸ் எக்ஸாஸ்ட் பூட்டிக்கொண்ட கனவான்தான் டயரின் முணுமுணுப்பால் நித்திரை இழக்கிறார். ஆகவே இரைச்சலாவது, விலை கொடுக்காமல் கேட்க நேரும் ஓசை என்பதும், விலை கொடுத்துக் கேட்பது நாதம் என்பதும் பெறப்படும். டயருக்கும் கடையிலேயே அதிக விலையைக் கொடுத்துவிடுவாராயின், அதன் ஓசையும் அன்று முதல் நாதமாகிவிடும். நுரையும் லேபிளும் வேண்டியதில்லை.