குறி எங்கே தப்புகிறது?

ஹொப்டனிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, கனடாவில் இருக்கிற எங்கள் அத்தான் லைசென்ஸ் எடுத்து, குறைஞ்ச விலையில் ஒரு .22 ரைபிள் வாங்கியிருக்கிறார். ஒரு தடவை விசையை இழுத்தால் ஒரு சூடு, அடுத்த தோட்டா தானாகவே ஏறிவிடும். ரேஞ்சில் 50 மீற்றருக்குச் சுட்டால் கோழி கிளறின மாதிரிச் சிதறுதாம். புதுக் குழல் வாங்கிப் போடப்போறேன் என்கிறார். போடலாமா?

பதில்: இன்றைக்கே போன் போட்டு, காசைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த இனத்தில் ஊரறிந்த துவக்கு 1964இல் வந்த ரூகர் 10/22. அத்தானிடம் இருப்பது அதுவாக இருக்கும், இல்லாவிட்டால் அதன் பங்காளியாக இருக்கும். மலிவான துவக்குதான், ஆனால் மட்டமான துவக்கு இல்லை. தோட்டா தடங்கலின்றி ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக குழலின் பின்புறம் அது உட்காரும் அறையைக் கொஞ்சம் தாராளமாகக் கடைந்திருப்பார்கள். சன்னம் அங்கே கச்சிதமாக உட்காராது. அதனால் ஒலிம்பிக் துவக்கின் துல்லியத்தை இதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் இப்போது சிதறுகிற சிதறலில் பெரும்பங்கு குழலின் குற்றமாக இருக்காது.

முதலில் தோட்டாவைப் பார்க்கட்டும். ஐந்து கம்பனித் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, துவக்கை மணல்மூட்டையில் சாய்த்து, ஒவ்வொன்றிலும் பத்துச் சூடு, தனித்தனித் தாளில் சுடச் சொல்லுங்கள். ஒரே துவக்கு, ஒரே ஆள், ஒரே நாள். இருந்தும் ஒரு தாளில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருக்கும், இன்னொன்றில் ஒரு ரூபாய்க் குற்றிக்குள் அடங்க முயன்றிருக்கும். எந்தத் தோட்டா தனக்கு ஒத்துவரும் என்பதைத் துவக்கே சொல்லிவிடும். விலை கூடிய பெட்டிதான் ஜெயிக்கும் என்று கட்டாயமில்லை. ஆனால் 'அதிவேகம்' என்று அச்சிட்ட பெட்டியை ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. அந்தச் சன்னம் செக்கனுக்குச் சுமார் 380 மீற்றர் வேகத்தில் கிளம்பும். ஒலியின் வேகம் ஏறக்குறைய 340. போகிற வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது சன்னம் ஆட்டம் காணலாம், தூரம் கூடக்கூட அது தாளில் தெரியும். சாதாரண வேகத் தோட்டா 326 அளவில் கிளம்புவதால் அந்தக் கண்டத்துக்குள் போவதே இல்லை.

இரண்டாவது, திருகாணிகள். 10/22இல் இரும்புப் பாகத்தை மரப்பிடியோடு பிடித்திருப்பது ஒரேயொரு திருகாணி. அதைத் தவிர முன்பக்கத்தில் குழலைச் சுற்றி ஒரு வளையம். திருகாணி தளர்ந்தால் ஒவ்வொரு சூட்டுக்கும் துவக்கு மரத்துக்குள் கொஞ்சம் இடம் மாறி உட்காரும். வளையத்தைப் பலமாக இறுக்கினால் குழலை அது ஒரு பக்கம் இழுக்கும், குழல் சூடேறச் சூடேற அந்த இழுப்பும் மாறும். அத்தான் திருகாணியைக் கழற்றி, மரத்துக்கும் இரும்புக்கும் இடையில் சேர்ந்த தூசியைத் துடைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு இறுக்கட்டும். செலவே இல்லாத வைத்தியம் இது.

மூன்றாவதைப் பலர் செய்யக் கேட்டிருக்கிறேன், மனசு பதறும். இந்தத் துவக்கைப் பின்பக்கமிருந்து துடைக்க வழி இல்லை என்று, இரும்புக் கம்பியை வாய்ப்பக்கம் விட்டு அரக்கித் துடைப்பார்கள். சன்னம் கடைசியாக விடைபெறும் இடம் குழலின் வாய் விளிம்பு. அதில் ஒரு பக்கம் தேய்ந்தால், பின்னாலிருந்து வரும் காற்று ஒரு பக்கம் முந்திப் பீறி, சன்னத்தைச் சாய்த்துவிடும். துணி கட்டிய நைலோன் கயிற்றைப் பின்னாலிருந்து முன்னால் இழுப்பதே நல்லது.

கடைசியாக விசை. அந்தத் துவக்கு சுமார் 2.3 கிலோ. அதன் விசையை இழுக்கப் பெரும்பாலும் அதைவிட அதிக பலம் வேண்டும். துவக்கின் பாரத்துக்கு மேல் விரலில் பாரம் போட்டால் துவக்கு ஆடாமல் என்ன செய்யும்? ஆனால் அரத்தை எடுத்து விசையை ராவுகிற வேலையை அத்தான் தொடவே கூடாது. அளவு மீறி இலேசான விசை, தட்டினாலே வெடிக்கும். பழகிய துவக்கு மெக்கானிக்கிடம் கொடுக்கட்டும்.

இவ்வளவும் முடித்தபிறகும் சிதறினால் குழலைப் பற்றிப் பேசுவோம்.

பசறையிலிருந்து ஒருவர்: மூன்று சூட்டில் மூன்றும் ஒரே ஓட்டையில்! நான் குறிகாரன்தானே?

பதில்: இன்னும் ஏழு சுட்டுவிட்டுத் தாளை அனுப்புங்கள்.

பிபிலை வாசகர்: ஸ்கோப் பூட்டினால் குறி திருந்துமா?

பதில்: கண் திருந்தும், துவக்கு திருந்தாது. முன்பு மங்கலாகத் தெரிந்த உங்கள் கையாட்டம் இப்போது பெரிதாகத் தெரியும். அதுவும் ஒரு படிப்புத்தான். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம் தளர்ந்திருந்தால் குறியும் உங்களை விட்டுப் போகும். பாதிப்பேர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

லுணுகலை நகரிலிருந்து ஓர் இளைஞர்: இந்த மாதிரித் துவக்கு எனக்கும் வேண்டும். எங்கே விண்ணப்பிப்பது?

பதில்: தம்பி, இங்கே இலங்கையில் தானாகத் தோட்டா ஏறும் ரைபிள் சாதாரண ஆளுக்குக் கிடைக்கும் சாமான் அல்ல. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் சட்டம்தான் இன்றும் தலைமேல் நிற்கிறது. 1996இல் வந்த திருத்தம் தண்டனையைப் பன்மடங்கு கூட்டிவிட்டது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று விவசாயிக்குக் கொடுப்பது பெரும்பாலும் ஒற்றைக்குழல் அல்லது இரட்டைக்குழல் ஷொட்கன். அதன் அனுமதிப்பத்திரத்தையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அனுமதி இல்லாத சாமானை யாராவது மலிவாகத் தருகிறேன் என்று வந்தால், அவர் உங்களுக்கு விற்பது சிறைவாசத்தை.

பதுளையிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் சென் மார்க்ஸ் தேவாலயம் மேஜர் ரொஜர்ஸ் என்பவரின் நினைவாகக் கட்டியது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அவர் பெரிய குறிகாரராமே?

பதில்: டீச்சர், பிள்ளைகளுக்கு முழுக்கதையும் சொல்லுங்கள். தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர். சுட்ட யானைகள் 1,400 அளவில் என்று சொல்கிறார்கள். 1845 ஜூனில் ஹப்புத்தளையில், வாடிவீட்டு விறாந்தையில் நின்றபோது மின்னல் தாக்கி இறந்தார். அந்தக் காலத்து யானை வேட்டைக்காரர்கள் மிக அருகில் போய்த்தான் சுட்டார்கள். யானைக்குப் பக்கத்தில் நிற்க நெஞ்சுரம் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டுச் சுவரளவு உயிரை அத்தனை கிட்ட நின்று சுட்டதை வைத்துக் குறிகாரர் என்று பட்டம் கட்ட என் மனம் ஒப்பவில்லை. ஊவாக் காடுகள் அந்த யானைகளை இழந்தன. அதையும் பாடத்தில் சேருங்கள்.

அடாவத்தையிலிருந்து ஒரு தாய்: மகளுக்குப் பதினான்கு வயது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் சேர வேண்டும் என்கிறாள். கொழுந்து பறிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் ஆகுமா?

பதில்: ஆகும் அக்கா. எங்கள் நாட்டுப் பெண்கள் சாதித்த விளையாட்டு இது. 1994இல் கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாயப் போட்டியில் புஷ்பமாலி ராமநாயக்க, மாலி விக்கிரமசிங்க இருவரும் சேர்ந்து 10 மீற்றர் எயார் ரைபிளில் தங்கம் வாங்கினார்கள். தமிழ்நாட்டின் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கிண்ணத்தில் தங்கம் எடுத்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவரும் எங்கள் தெஹானி எகொடவெலவும் ஒரே போட்டியில் நின்றார்கள்.

எயார் ரைபிளில் வெடிமருந்து இல்லை, காற்றின் அழுத்தம்தான். சன்னம் 4.5 மில்லிமீற்றர். பத்து மீற்றருக்கு அப்பால் அது தேடிப்போகிற நடுப்புள்ளி 0.5 மில்லிமீற்றர், பேனா முனையால் வைத்த பொட்டு. உடம்புப் பலத்தை விட அசையாமல் நிற்கிற பலம்தான் அங்கே பேசும். துவக்கு கிடைக்கும்வரை மகள் சும்மா இருக்கவும் வேண்டாம். சுவரில் ஒரு பொட்டு வைத்து, இரண்டு கால்களிலும் பாரத்தைச் சமமாக ஊன்றி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பார்வை தளராமல் நிற்கப் பழகட்டும். நாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

துவக்குத்தான் தடை. போட்டித் துவக்கின் விலை உங்கள் வீட்டுக்கு எட்டாது, கழகத்தின் மூலம்தான் முடியும். நாட்டில் இந்த விளையாட்டைப் பெரும்பாலும் படைப்பிரிவுகளும் வசதியான பாடசாலைகளும் வைத்திருக்கின்றன. இதில் எனக்குக் கோபமே உண்டு. பத்து மீற்றர் நீள மண்டபம், பின்னால் பலமான சுவர், நாலு எயார் ரைபிள், ஒரு பயிற்றுநர். இவ்வளவும் பதுளை மாவட்டத்துக்கு முடியாத காரியமா? வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதுங்கள். நானும் எழுதுகிறேன்.

மடுல்சீமையிலிருந்து ஒருவர்: காட்டுப்பன்றி மரவள்ளியை ஒன்றுவிடாமல் கிண்டிவிட்டது. எங்கள் பக்கம் சிலர் பன்றித் தடத்தில் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். காவலுக்கு ஆள் தேவையில்லை, நித்திரையும் கெடாது என்கிறார்கள். உங்கள் கருத்து?

பதில்: ஆறு மாதம் வெட்டிக் கொத்தி வளர்த்த மரவள்ளி ஓர் இரவில் போனால் வயிறு எரியும், அது நியாயமான எரிச்சல். ஆனால் கட்டுத்துவக்கு வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

மேலே அத்தானுக்கு இவ்வளவு எழுதியது ஏன்? சன்னம் எங்கே போகிறது என்று சுடுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. கட்டுத்துவக்கில் சுடுகிறவன் லயத்தில் நித்திரை. கம்பியில் எதன் கால் பட்டாலும் அது வெடிக்கும். விறகுக்குப் போன பெண்ணின் முழங்கால் என்றும், குறுக்குப் பாதையில் வீடு திரும்பும் பிள்ளை என்றும் அதற்குத் தெரியாது. பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கும் இதே வகைதான். 2020 மே மாதம் நல்லதண்ணியில் லக்சபான தோட்டத்தில் அப்படியொரு சுருக்கில் கருஞ்சிறுத்தை மாட்டியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோயும் சில நாளில் செத்தது. மலைநாட்டில் காண்பதற்கரிய உயிர், பன்றிக்கு வைத்த கம்பியில் போயிற்று.

மரவள்ளித் துண்டைச் சுற்றி இறுக்கமான வேலி போடுங்கள். அறுவடை நெருங்கும் வாரங்களில் நாலு வீடு சேர்ந்து முறைவைத்துக் காவல் இருங்கள். அனுமதிப்பத்திரத் துவக்கு வைத்திருக்கும் விவசாயி பக்கத்தில் இருந்தால் அவரோடு பேசுங்கள். இழப்பைக் கிராம அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

உங்கள் பக்கத்தில் கட்டுத்துவக்கு இருக்கும் இடம் தெரிந்தால் நீங்களே போய்க் கழற்ற வேண்டாம், கை வைக்கிறவரையே அது முதலில் சுடும். பொலிசுக்கு 119, வனவிலங்குத் திணைக்களத்துக்கு 1992. இன்றைக்கே சொல்லுங்கள், நாளை காலையில் அந்தத் தடத்தால்தான் மலைக்கு ஆள் ஏறும்.