ஒயினும் சுரங்கமும் ஒரே நாளில்: எதையும் பார்க்காமல் திரும்ப எளிய வழிகள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ஒயின். அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் பர்ரா செப்புச் சுரங்கம். இரண்டையும் ஒரே பகலில் கோட்டைவிடலாம். சொல்கிறபடி செய்யுங்கள்.

1. வெறும் வயிற்றோடு ஒயினில் தொடங்குங்கள். கார் யார் ஓட்டுவது என்பதை மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். இரத்தத்தில் ஆல்கஹால் 0.05-ஐத் தொட்டாலே அங்கே குற்றம். அந்தக் கணக்கு கூட வந்த மச்சானுக்கு.

2. துப்புவதற்கென்று ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். காசு கொடுத்தவர் துப்புவாரா? விழுங்குங்கள்.

3. ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் வந்ததும் தக்கையைக் கேட்டு வாங்கி முகருங்கள். தக்கையால் ஒயின் கெடுவதில் அலுத்துப்போய், 2000-ஆம் ஆண்டு அறுவடையிலேயே கிளேர்க்காரர்கள் பலர் திருகுமூடிக்கு மாறிவிட்டார்கள். அதனால் என்ன, மூடியை முகருங்கள். கண்ணை மூடிக்கொண்டு "ஓக் வாசனை தூக்குது" என்று சொல்லுங்கள். அங்கே ரீஸ்லிங் பெரும்பாலும் ஓக் பீப்பாயைப் பார்த்ததே இல்லை. கூட வந்தவர்களுக்கு அது தெரியவா போகிறது!

4. செவன்ஹில், 1851-இல் இயேசு சபைத் துறவிகள் திருப்பலிக்கான திராட்சை ரசத்துக்காகத் தொடங்கிய இடம். அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ஆறு பாட்டில் எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?"

5. பர்ராவுக்குச் சாயங்காலம் போங்கள். பகலில் போனால், தகவல் மையத்தில் காசு கட்டி ஒரு சாவி வாங்கலாம். பழைய ரெட்ருத் சிறை உட்படப் பல இடங்களை நீங்களே திறந்து பார்க்கலாம். அவ்வளவு நடை யாரால் முடியும்? மையம் மூடியபின் போய், "ஊரே செத்துக் கிடக்கு" என்று அலுத்துக்கொள்ளுங்கள்.

6. ஓடைக்கரையில் மண்ணைக் குடைந்த பொந்துகள் இருக்கும். சுரங்கத் தொழிலாளர்கள் பிள்ளைகுட்டிகளோடு அதற்குள்தான் குடியிருந்தார்கள். நோய் வந்தது, 1851-இல் வெள்ளமும் வந்தது. எதிரே நின்று இரண்டு விரலைத் தூக்கிப் படமெடுங்கள். "வாடகைக்கு விட்டா அள்ளலாம்" என்ற யோசனையையும் உரக்கச் சொல்லுங்கள்.

7. 1845 முதல் 1877 வரை செம்பு கொடுத்த சுரங்கம் அது. கீழே ஊறிய தண்ணீரை இறைக்க நீராவி எஞ்சின், அதற்குக் கல்லில் ஒரு கட்டடம், வேலைக்கு இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். விளக்கப் பலகையில் எல்லாம் இருக்கிறது. அதில் சாய்ந்துகொள்ளுங்கள். பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீரைக் காட்டி, குளிக்க விடுவார்களா என்று விசாரியுங்கள்.

8. இரவே படங்களைப் போட்டுவிடுங்கள். தலைப்பு, "வரலாற்றோடு ஒரு நாள்". அங்கே என்ன தோண்டினார்கள் என்று யாராவது கேட்டால், ஒயின் அருமையாக இருந்தது என்று சொல்லுங்கள்.