திருஷ்டிப் பூசணி

மொபைல் லெஜண்ட்ஸ் விளையாட என் மகன் நூறு வெள்ளிக்கு 'ஸ்கின்' என்று பாத்திரத்துக்கு ஒரு வேஷம் வாங்கியிருக்கிறான். "பார்த்ததுமே எதிரி நடுங்கிடுவான்பா" என்கிறான். வேஷத்துக்குப் போய் யாராவது பயப்படுவார்களா?
– தோட்டத்து வாசகர், லாபு

மலாய் மொழியில் லாபு என்றால் பூசணி. அந்த ஊரில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி? பூசணிக்கு மீசையும் கோரைப்பல்லும் வரைந்து வாசலில் தொங்கவிட்டு ஊர்க்கண்ணையே விரட்டுகிறோமே, அது ஸ்கின் இல்லாமல் வேறென்ன?

ஆட்டக்களத்திலும் இதே கதைதான். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் குத்துச்சண்டை, மல்யுத்த வீரர்களுக்குச் சிவப்பு, நீல உடைகள் எந்தத் தகுதியும் பார்க்காமல்தான் கொடுக்கப்பட்டன. சிவப்பு உடுத்தியவர்களே அதிகம் வென்றதாக மறு ஆண்டு 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. 'அன்ரியல் டோர்னமென்ட்' கணினி விளையாட்டில் எண்ணிப் பார்த்தபோதும் சிவப்பு அணிக்குச் சுமார் 55 விழுக்காடு வெற்றி. மிரண்டது நீலமா, மிதப்பில் ஆடியது சிவப்பா என்பது தனி வழக்கு. அதுவும் சாதாரணச் சிவப்பு, நூறு வெள்ளிச் சிவப்பு அல்ல!

அப்படியானால் காசு கொடுத்து வாங்கும் ஸ்கின்னால் ஜெயிக்கவே முடியாதா?

முடிந்திருக்கிறது. 'கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன்' விளையாட்டில் ரோஸ் என்ற பாத்திரத்தின் கன்னங்கரிய உடை இருட்டு மூலையில் கண்ணுக்கே தெரியவில்லை. புகார்கள் குவிந்து, 2021இல் நிறுவனமே அதை வெளுத்துக் கொடுத்தது. அங்கே எதிரி பயப்படவில்லை. பயப்பட ஆளே தெரியவில்லை.

உங்கள் வீட்டு ஸ்கின்னைப் பார்த்து இதுவரை நடுங்கியிருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.