விசில் கேட்கும்வரை ஓடு

ஸ்வீடனின் ஆர்லாண்டா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே ஒரு ஹெல்மெட். அதன் கீழே தோள்கவசம். தோள்கவசத்துக்குள் பூத்துவாலை, துவாலைக்குள் ஐந்து லிட்டர் அலுமினிய குக்கர், குக்கருக்குள் வெயிட்டும் கேஸ்கெட்டும் தனித்தனிப் பொட்டலமாக. அவர் ஹெல்மெட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஐந்தடி ஐந்தங்குலம், முன்வழுக்கை, கொஞ்சம் தொப்பை.

"என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள்?"

"அமெரிக்கன் ஃபுட்பால் கோச்."

அவர் குக்கரைப் பார்த்தார். அந்த வேலை குக்கருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, முத்திரை குத்தாத குறையாக வழியனுப்பிவைத்தார்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் பையன் நடக்கத் தொடங்கியதும் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். என்னிடமும் கொடுத்தார்கள். நான் அதை வைத்து மாங்காய் பறித்தேன். விளையாட்டுக்கும் எனக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். பிழைப்புக்காக டெக்சாஸ் போய் உயர்நிலைப்பள்ளியில் கணக்கு வாத்தியார் ஆனேன். அங்கே 1984இலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது: பாடத்தில் ஃபெயிலானவன் ஆட்டத்தில் இறங்கக்கூடாது. இதனால் ஃபுட்பால் கோச்சுகள் கணக்கு வாத்தியாரிடம் மிகுந்த மரியாதையாக நடந்துகொள்வார்கள். முதலில் டோனட் வந்தது. அப்புறம் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு ஓசி டிக்கெட். அப்புறம், "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், இந்தப் புள்ளிக்கணக்கைக் கொஞ்சம் எழுதுங்களேன்" என்றார்கள். ஆறு வருடத்தில் என் கழுத்தில் விசில் தொங்கியது. துணைக் கோச். எந்தப் பையனுக்கும் அரை மார்க்கூடக் கூட்டிப் போட்டதில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நான்கு வாய்ப்பில் பத்து கெஜம் முன்னேற வேண்டும். அதாவது ஒரு மடிசார் புடவை, அதற்கு மேல் ஒரு கெஜம். முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு வாய்ப்பு. இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. குறுக்கே பதினோரு தடியர்கள் நிற்பார்கள். காலால் உதைப்பது எப்போதாவதுதான். பிறகு ஏன் ஃபுட்பால் என்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். ஸ்வீடனில் தினம் ஒருவர் கேட்டார்.

எங்கள் பள்ளியில் ஒரு வருடம் படித்துவிட்டு ஊர் திரும்பிய ஸ்வீடன் மாணவன் ஒருவன் அங்கே ஒரு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தான். "கோடை விடுமுறைக்கு வாருங்கள். எங்களுக்கு ஒரு டெக்சாஸ் கோச் வேண்டும்" என்று எழுதினான். சம்பளம் கிடையாது. ஒரு ஃபிளாட்டும் இரண்டு சைக்கிளும் உண்டு. மனைவி, மகள், எட்டு வயது மகன், நான் என்று நாலு பேருக்கு இரண்டு சைக்கிள். ஸ்டாக்ஹோமிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம், மெலரன் ஏரிக்கரையில் ஓர் ஊர். கிளப்பின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஜெயித்திருந்தால் சொல்லியிருப்பேன்.

டெக்சாஸில் ஆலன் என்ற ஊரின் பள்ளிக்கூட ஸ்டேடியத்தில் 18,000 பேர் உட்காரலாம். 2012இல் 6 கோடி டாலர் செலவில் கட்டினார்கள். பள்ளிக்கூடத்துக்கு! அந்த மண்ணிலிருந்து வந்தவன் ஏரிக்கரை மைதானத்தில் நின்று முதல் ஆட்டத்தின் ரசிகர்களை எண்ணினேன். நாற்பத்தொரு பேர், இரண்டு நாய்கள். ஒரு நாய் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டது.

முதல் நாள் பயிற்சியிலேயே என் அதிகாரம் கரைந்து போயிற்று. டெக்சாஸில் கத்துவது கோச்சின் உத்தியோகத்தில் சேர்த்தி. நான் தொண்டை கிழியக் கத்தி, "எல்லாரும் மைதானத்தை ரெண்டு சுற்று ஓடுங்கள்!" என்றேன். இருபத்தைந்து பேரும் அன்போடு என்னைப் பார்த்தார்கள். நூற்றுமுப்பது கிலோ எடையுள்ள ஒரு குழாய் மேஸ்திரி கையைத் தூக்கி, "ஏன்?" என்றார். திமிர் இல்லை, சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இவர்கள் கிளப்புக்குச் சந்தா கட்டி ஆடுகிறவர்கள். ஹெல்மெட், ஷூ எல்லாம் சொந்தக் காசு. காசு கொடுத்தவனை எப்படி ஓடச் சொல்வது? ஓட்டலில் சாப்பிட வந்தவரை மாவாட்டச் சொல்கிற மாதிரி.

அதோடு, அங்கே யாரும் யாரையும் சார் என்று கூப்பிடுவதில்லை. 1960களின் கடைசியிலேயே மரியாதைப் பன்மையைத் தேசமே சேர்ந்து தூக்கிப் போட்டுவிட்டது. மேலதிகாரி, பேராசிரியர், டாக்டர் எல்லாரும் 'நீ'தான். என் மகன் மற்ற எதையும் கற்றுக்கொள்வதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொண்டான். மூன்றாவது நாள் காலையில் என்னைப் பெயர் சொல்லி அழைத்து, "நீ எப்ப எந்திரிச்ச?" என்றான். என் மனைவி கண்டிக்கவில்லை. யோசனையாக என்னைப் பார்த்தாள். அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் குவார்ட்டர்பேக்குக்கு, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்கு, ஏழு மாதக் குழந்தை. ஸ்வீடனில் குழந்தை பிறந்தால் பெற்றோருக்குச் சேர்த்து 480 நாள் விடுப்பு உண்டு. அதில் தகப்பனுக்கென்றே ஒதுக்கியது 90 நாள். அவர் அந்த விடுப்பில் இருந்தார். தள்ளுவண்டியோடு பயிற்சிக்கு வந்து அதைக் கோட்டுக்கு அருகே நிறுத்துவார். குழந்தை சிணுங்கினால் ஆட்டம் நிற்கும். பந்தை என்னிடம் தருவதா குழந்தையைத் தருவதா என்று ஒரு கணம் யோசிப்பார். பெரும்பாலும் குழந்தையைத்தான் தந்தார். கணக்கு வாத்தியாரிடம் பந்தைத் தந்து என்ன பயன்? எங்கள் தடுப்பாட்டத்தின் தூண், ஆறடி நாலங்குலம், பாலர் பள்ளி ஆசிரியர். எதிராளியைக் கீழே தள்ளிவிட்டுக் கைகொடுத்துத் தூக்கி, அடிபட்டதா என்று விசாரித்து, முட்டிமண்ணைத் தட்டிவிட்டுத்தான் அனுப்புவார். அதற்குள் எதிரணி அடுத்த ஆட்டத்தைத் தொடங்கிவிடும்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜூனில் அங்கே இரவு பத்து மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது. டெக்சாஸ் மைதானங்களில் விளக்குக்கு ஆகும் கரண்ட் பில்லை நினைத்து நான் பூரித்துப்போனேன். மனைவிக்கு வேறு கவலை. "என்னங்க, மணி ஒன்பதரை ஆச்சு. சாமி விளக்கை ஏத்தலாமா, வேண்டாமா? இந்த ஊர்ல அந்தி எப்பங்க வரும்?" என்று பால்கனியில் தீப்பெட்டியோடு நின்றாள்.

மிட்சம்மர் திருநாளன்று அணி முழுக்கக் குடும்பத்தோடு புல்வெளியில் கூடியது. பூச்சுற்றிய கம்பத்தைச் சுற்றி எல்லாரும் தவளை மாதிரி குதித்து ஆடுவது வழக்கம். நான் வாரக்கணக்கில் கெஞ்சியும் முட்டி மடக்காத குழாய் மேஸ்திரி, தலையில் பூ வளையத்தோடு, குந்திக் குந்தி முழு வட்டம் வந்தார். அடுத்த பயிற்சியில் நான் "கீழே குனி" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "தவளை!" என்று கத்தினேன். அத்தனை பேரும் குனிந்தார்கள். பயிற்சியாளனாக அந்த நாட்டில் நான் கண்ட ஒரே வெற்றி இது.

ஜூலை வந்ததும் ஆளே இல்லை. ஆட்டங்களுக்கு இடைவேளை, ஊர் முழுக்கக் காட்டுக்குள் இருக்கும் கோடை வீடுகளுக்குப் போய்விட்டது. நான் இருந்ததே பத்து வாரம். அதில் ஐந்து வாரம் கோச்சுக்கு ஆட்டக்காரர்கள் கிடையாது. ரயில் ஏறி ஊர் சுற்றினோம்.

ஸ்டாக்ஹோமில் வாசா கப்பலைப் பார்த்தோம். 1628இல் ராஜா ஆசைப்பட்டு இரண்டடுக்குப் பீரங்கி வைத்துக் கட்டிய போர்க்கப்பல். முதல் பயணத்திலேயே 1,300 மீட்டர் போனதும் ஒரு காற்றுக்குச் சாய்ந்து, துறைமுகத்திலேயே முழுகிவிட்டது. மேலே பாரம் அதிகம், அடியில் பாரம் போதவில்லை. 333 வருடம் கழித்து, 1961இல் வெளியே எடுத்து, தோல்வியை இவ்வளவு அழகாக மியூசியத்துக்குள் வைத்துக் காசு வாங்குகிறார்கள். மனக்கணக்குப் போட்டேன். 1,300 மீட்டர் என்றால் ஏறக்குறைய 1,420 கெஜம். ஜூன் மாத ஆட்டங்கள் மூன்றிலும் சேர்த்து எங்கள் அணி முன்னேறிய தூரம் அதில் பாதிகூட வராது. வாசாவை இனி யாரும் கேலி பேசினால் நான் சண்டைக்குப் போவேன்.

கோதன்பர்க்கில் உல்லேவி ஸ்டேடியத்தின் வாசலில் நின்று பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொன்னேன். 1988 ஆகஸ்டில் அமெரிக்காவின் மினசோட்டா வைக்கிங்ஸ் அணி இங்கே வந்து சிகாகோ பேர்ஸை 28-21 என்று ஜெயித்தது. வைக்கிங்குகள் சொந்த ஊருக்குத் திரும்பிவந்து ஜெயித்த ஆட்டம் என்றேன். மகள் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. மகன், "நீ இருந்தியா அதுல?" என்றான். அங்கிருந்து நார்வேக்கும் போனோம். அங்கே ஓர் அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்புக்கு எய்ட்ஸ்வோல் 1814ஸ் என்று பெயர். அந்த வருடம் அந்த ஊரில்தான் நார்வேயின் அரசியல் சட்டம் எழுதப்பட்டதாம். காங்கிரஸ் மாநாட்டை நினைத்து 'ஆவடி 1955' என்று நம் ஊரில் ஒரு கபடிக் குழு இருந்தால் எப்படி இருக்கும்! நார்வேயின் விலைவாசியைப் பற்றி எழுதவேண்டாம் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது குக்கருக்கு வருகிறேன்.

எங்கள் ஃபிளாட்டில் இருந்தது இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினிய குக்கர் அதன்மேல் ஒரு பூஜாடி. ஆனால் கிளப்பின் மைதானத்தை ஒட்டி ஒரு மரக்குடில், அதில் பழைய இரும்புத்தட்டு மின்அடுப்பு. ஆட்ட நாட்களில் குடும்பத்தினர் முறைபோட்டு அங்கே காபியும் சாசேஜும் விற்பார்கள். எங்கள் முறை வந்தபோது என் மனைவி சாசேஜைத் தொடமாட்டேன் என்றாள். கொண்டைக்கடலையை ஊறவைத்தாள். தேங்காய், மிளகாய், கடுகு தாளித்த சுண்டல் ஜூனிலேயே பிரபலமாகிவிட்டது. கிளப் வாரியத் தலைவர் இரண்டு கப் வாங்கினார். எதிரணிக்காரர்கள் பார்சல் கேட்டார்கள். நாற்பத்தொரு ரசிகர்கள் அறுபதானதற்கு என் வியூகம் காரணமில்லை என்று எனக்கே தெரியும்.

ஆகஸ்டில் கடைசி ஆட்டம். அன்று கூட்டம் அதிகம், சுண்டல் முதல் பாதியிலேயே தீர்ந்துவிட்டது. மனைவி இரண்டாவது ஈடு வைத்தாள். ஆட்டம் முடிய நாலு நிமிடம், இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கிறோம். எங்கள் ஓட்டக்காரர் வரி அலுவலகக் குமாஸ்தா. நடுராத்திரி ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற ரகம். அவருக்கு நான் கோடை முழுக்க ஓதியது ஒரே மந்திரம்: "விசில் கேட்கும்வரை ஓடு. விசில் கேட்டால் நில்." அன்று பந்து அவர் கைக்கு வந்தது. இடதுபக்கம் வழி திறந்தது. பாலர் பள்ளி ஆசிரியர் முதல்முறையாக யாரையும் நலம் விசாரிக்காமல் இரண்டு பேரைச் சாய்த்தார். குமாஸ்தா ஓடினார். முப்பது கெஜம். இருபது. எதிரே ஒரு குருவி இல்லை.

குடிலிலிருந்து முதல் விசில் வந்தது.

நம் காதுக்கு அது அடுப்படிச் சத்தம். பிறந்ததிலிருந்து குக்கரைக் கேட்டிராத மனுஷர் டக்கென்று நின்றார். ஒழுங்காகப் பந்தைத் தரையில் வைத்தார். பின்னால் மூச்சிரைக்க வந்த எதிரணிப் பையனுக்கு இந்தியச் சமையலறை அனுபவம் இருந்ததா, இல்லை காது மந்தமா, தெரியாது. பந்தை அள்ளிக்கொண்டு எதிர்த்திசையில் ஓடினான். அவன் ஓடி முடிப்பதற்குள் இன்னும் இரண்டு விசில் வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஒவ்வொரு விசிலுக்கும் நின்றார்கள்.

கோடுபோட்ட சட்டைக்காரர்கள் கூடிப் பேசினார்கள். ஒருவர் குடில்வரை நடந்துபோய்க் குக்கரைச் சுற்றிப் பார்த்தார். விசில் நடுவருடையதல்ல, ஆகவே ஆட்டம் செல்லும் என்று தீர்ப்பு. திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு கப் இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன். "மூணு விசில் விடணும்ல, இல்லாட்டி கடலை வேகாது" என்றாள்.

அடுத்த வாரம் வாரியக் கூட்டம். காபி, லவங்கப்பட்டை பன், ஒன்றரை மணி நேரம். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. குமாஸ்தா, கோச் சொன்னபடிதான் தான் நடந்துகொண்டதாகச் சொன்னார். அதை எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். 'பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அடுப்பில் குக்கர் இருக்கலாகாது' என்று தீர்மானம் நிறைவேற்றி எழுதிவைத்தார்கள். அடுத்த தீர்மானம், சுண்டல் தொடர வேண்டும் என்பது. அதற்காகக் குக்கரைக் கிளப்பிலேயே விட்டுவிட்டுப் போக முடியுமா என்று என் மனைவியைக் கேட்டார்கள். கோச் அடுத்த வருடமும் வரமுடியுமா என்று யாரும் கேட்கவில்லை.

குக்கர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாரியத் தலைவர் எழுதியிருக்கிறார்: ஆவி பக்கவாட்டில் போகிறது, விசில் வருவதில்லை, என்ன செய்யலாம்? மெலரன் ஏரிப் பக்கம் போகிற தமிழர்கள் யாராவது இருந்தால் தெரிவிக்கவும், விலாசம் தருகிறேன். ஐந்து லிட்டர் குக்கருக்கான கேஸ்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு போனால் புண்ணியமாகப் போகும்.