முப்பத்தேழு அல்லாதவன் எழுதிக்கொள்வது

மாண்புமிகு கணனிப் பிரிவுத் தலைவர் அவர்களின் சமுகத்துக்கு,

இறம்பொடையிலிருந்து பணிந்து எழுதுவது. எந்த அலுவலகம் என்பதைக் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் மற்ற அலுவலகங்கள் நிம்மதியாக மூச்சு விட்டுவிடும்.

சென்ற செவ்வாய்க்கிழமை, விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, மூடுபனிக்குள் வளைவெல்லாம் ஏறி வந்து, பெயரைப் பதிய உங்கள் கவுன்டரில் நின்றேன். புதுக் கணனி. மேலுறைகூடக் கழற்றவில்லை. "பழைய மெஷின்ல இருந்த 18,600 பேரும் ஒருத்தர் குறையாம இதுக்கு வந்துட்டாங்க" என்று கவுன்டரில் இருந்த பிள்ளை பெருமையாகச் சொன்னார். என் பெயரைத் தட்டினார். திரையில் ஒரு சிவப்பு வரி.

"ஐயா, நீங்க ஏற்கனவே இருக்கீங்க. முப்பத்தேழு."

அறுபத்தெட்டு வயதில் இதைவிட ஆறுதலான செய்தி உண்டா? இருக்கிறேனாம். முப்பத்தேழைத் திறந்து பார்த்தால் அங்கே இருந்தது பக்கத்துத் தோட்டத்து மூதாட்டி ஒருவர். காலமாகி நாலு வருடம். மறுபடி தட்டினார்: முப்பத்தெட்டு. இன்னொரு தரம்: முப்பத்தொன்பது. ஒரு நிமிடத்தில் மூன்று ஆளானேன். கடைசியில் தீர்ப்பு வந்தது. நான் முப்பத்தேழு அல்ல என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, கிராம சேவகரின் ஒப்பத்தோடு வர வேண்டும். வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நாற்பதும் நாற்பத்தொன்றும் தாங்கள்தான் என்று பாவம் அவர்களுக்குத் தெரியாது.

கொழும்பில் இதே வேலை பார்க்கும் அக்காவின் பேரனிடம் போனில் சொன்னேன். அவனும் சிரித்தான். "தாத்தா, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்தானே? லொஜிக்கல் ரெப்ளிகேஷன்ல மாத்தியிருப்பாங்க. ஆள் எல்லாம் வரும், சீக்குவென்ஸ் வராது."

அவன் அரைமணி நேரம் விளக்கியதை நான் செக்ரோல் கணக்காக விளங்கிக்கொண்டேன். கணக்கப்பிள்ளை பழைய செக்ரோலை வரிக்கு வரி புதுப் புத்தகத்தில் எழுதிவிட்டார். ஆனால் அடுத்த பேர் எந்த வரியில் விழ வேண்டும் என்று வைத்திருந்த விரலைப் பழைய புத்தகத்திலேயே விட்டுவிட்டார். அந்த விரல்தான் சீக்குவென்ஸாம். புதுப் புத்தகத்தின் விரல் முதல் வரியில் நிற்கிறது. இது ஒன்றும் இரகசியமில்லையாம். லொஜிக்கல் ரெப்ளிகேஷன் 2017இல் போஸ்ட்கிரெஸின் பத்தாம் பதிப்போடு வந்த வசதி. சீக்குவென்ஸ் கூட வராது என்று அதன் கைநூலிலேயே, கட்டுப்பாடுகள் என்ற தலைப்பின் கீழ் எழுதியிருக்கிறதாம். கைநூலைத் திறக்க உங்கள் நேரம் அவ்வளவு மலிவானதல்ல என்பதை இந்த முப்பத்தேழு அல்லாதவன் அறிவேன்.

அதற்கு மேல் அவன் சொன்னதைக் கேட்டபோதுதான் உங்கள் தீர்க்கதரிசனம் புரிந்தது. பதிவு தோற்றாலும் எடுத்த இலக்கம் திரும்பிப் போகாதாம். பத்துக் கவுன்டரில் ஒரே நேரத்தில் தட்டினாலும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்களாம். ஆக, ஒவ்வொரு தோல்விக்கும் விரல் ஒரு வரி இறங்குகிறது! நாளுக்கு அறுபது பேரைத் திருப்பி அனுப்பினால் 310 வேலை நாளில் 18,600ஐத் தாண்டிவிடும். சனி, ஞாயிறு, போயா கழித்தால் ஏறக்குறைய ஒன்றேகால் வருடம். நடுவில் எவருடைய பதிவாவது அழிக்கப்பட்ட இடத்தில் ஒருவர் விழுந்தால் அவருக்குப் பதிவு கிடைத்துவிடும், லொத்தர் விழுந்த மாதிரி. என்ன அருமையான ஏற்பாடு! வேண்டுமானால் இறம்பொடையிலிருந்து இரண்டு பஸ்ஸில் ஆள் கூட்டி வருகிறேன். தோற்றுப்போவதற்குத் தோட்டத்தில் ஆளுக்குப் பஞ்சமா?

எங்கள் ஆட்களுக்கு இலக்கம் புதிதல்ல, ஐயா. எண் பொறித்த தகரத் துண்டோடு கப்பல் ஏறி வந்தவர்களின் பிள்ளைகள் நாங்கள். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தீர்கள். 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவர் உட்கார்ந்து எங்களை எண்ணினார்கள்: ஐந்தேகால் லட்சம் அங்கே, மூன்று லட்சம் இங்கே, ஒன்றரை லட்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடம் பிறகு பார்த்து, அந்த மிச்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அன்று எந்த மெஷினும் சிவப்பு வரி காட்டவில்லை. எங்களை அனுப்ப எண்ணும்போது கணக்கு ஒருநாளும் பிசகாது. எங்களைப் பதிய எண்ணும்போது மட்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். நான் யார் இல்லை என்று நானே சத்தியம் பண்ண வேண்டும். வெட்கமாக இல்லையா?

மன்னிக்கவும். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. தங்கள் பொறுமையையும் புது மெஷினின் பளபளப்பையும் மெச்சி, பேரன் சொன்ன கைமருந்தைத் தாழ்மையுடன் தெரிவிக்கிறேன். முதலில் பழைய மெஷினில் பதிவதை நிறுத்த வேண்டும். புது மெஷினின் பட்டியலில் ஆகப் பெரிய இலக்கம் எது என்று பார்த்து, 'செட்வல்' என்ற ஒரே வரியால் விரலை அங்கே நகர்த்த வேண்டும். ஒவ்வொரு பட்டியலுக்கும் இதையே செய்ய வேண்டும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடுமாம். போஸ்ட்கிரெஸ்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 2022இல் இதற்கு ஒரு வழி சேர்த்து, பதிப்பு வெளிவருமுன்னே திரும்ப எடுத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் பதிப்புக்கென்று 2025இல் மறுபடி சேர்த்தார்கள். அதிலும் விரலை நகர்த்து என்று யாராவது ஒருவர் கட்டளை கொடுத்தால்தான் நகருமாம். ஆகவே தாங்கள் என்றைக்கும் தேவைப்படுவீர்கள்.

சத்தியக் கடதாசிக்கு நேற்றுப் போனேன். "முப்பத்தேழு இல்லைன்னு எழுதித் தாறேன். அடுத்த முறை வேற இலக்கம் காட்டினா?" என்று கேட்டார் சமாதான நீதவான். நியாயம். 1 முதல் 18,600 வரை நான் எவரும் அல்லன் என்று ஒரேயடியாக எழுதி வாங்கிவிட்டேன். இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
37, 38, 39 அல்லாதவன்

பி.கு.: கடதாசியின் தலைப்பில் 'விண்ணப்பதாரர் இலக்கம்' என்று ஒரு கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதை நிரப்பாமல் ஏற்க மாட்டோம் என்று உங்கள் கவுன்டரில் ஒட்டியிருக்கிறது. என்ன எழுதட்டும்?