நான்காவது சுற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்

தம்பி, வா, உட்கார். பிளஸ் டூ படிக்கிறாய். பள்ளிக் கபடி அணியில் ரைட் கார்னர். பட்டாளத்துக்கும் போகவேண்டும். நல்லது.

வீட்டுச் சுவரைப் பார். ஊருக்கெல்லாம் நாள் கிழமை அச்சடித்துக் கொடுக்கிற சிவகாசியில் காலண்டருக்கா பஞ்சம்? அதில் மூன்று பேர் மூன்று கலர் பேனாவில் வட்டம் போட்டிருப்பார்கள். பச்சை வட்டம் பி.டி. சார் போட்டது: குறுவட்டப் போட்டி. சிவப்பு வட்டம், விடியற்காலை கோச்சிங் கொடுக்கிற எக்ஸ் சர்வீஸ் மாஸ்டர் போட்டது: என்.டி.ஏ. தேர்வு. நீல வட்டம் அப்பாவுடையது: தீபாவளி வியாபாரம். மூன்றும் ஆடிக்கும் ஐப்பசிக்கும் நடுவில்தான் வந்து விழும். கால் என்னவோ இரண்டுதான்.

இதை எப்படிச் சமாளிப்பது என்று குழம்பாதே. ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதை இன்னும் கொஞ்சம் முறையாகச் செய்தால் போதும்.

1. எதற்குப் போகிறாய் என்று விசாரித்துவிடாதே. "மிலிட்டரிக்கு டிரை பண்றேன்" என்று மட்டும் சொல். விசாரித்தால் சிக்கல். அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் கடக்வாஸ்லா என்.டி.ஏ. ஒன்று, சிப்பாய்களை எடுக்கும் அக்னிவீர் முகாம் வேறொன்று என்று தெரிந்துபோகும். அக்னிவீர் மைதானத்தில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண், பீமில் பத்து புல்அப்ஸ் எடுத்தால் 40. அது போக 9 அடி பள்ளம் தாண்டவேண்டும், வளைந்து வளைந்து போகிற கட்டையில் விழாமல் நடக்கவேண்டும். என்.டி.ஏ. அறிவிப்பிலும் உடற்பயிற்சிக் கணக்கு உண்டு: 15 நிமிடத்தில் 2.4 கிலோமீட்டர், புஷ்அப்ஸும் சிட்அப்ஸும் இருபது இருபது, சின்அப்ஸ் எட்டு, 3 அல்லது 4 மீட்டர் கயிறு ஏறுதல், ஸ்கிப்பிங். ஆனால் அது, சேரப்போகிறவன் உடம்பைத் தயார் செய்துகொண்டு வரட்டும் என்று சொல்லும் யோசனை. வாசலில் ஸ்டாப்வாட்ச் பிடித்து யாரும் நிற்கமாட்டார்கள். வாசலில் நிற்பது கணக்குப் பாடம். 120 கேள்வி, 300 மதிப்பெண். அடுத்து பொதுத்திறன் தாள், 600. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வரும். அதை ஹாலில் போய் உட்கார்ந்த பிறகு தெரிந்துகொள்.

இதெல்லாம் தெரியாதவரை நீ நிம்மதியாக என்.டி.ஏ.வுக்காக ஐந்தரை நிமிட ஓட்டம் பழகலாம். அக்னிவீருக்கும் 2023 முதல் எழுத்துத் தேர்வுதான் முதலில், மைதானம் பிறகுதான். பக்கத்துத் தெரு அண்ணன் போன காலத்தில் அப்படி இல்லை. அண்ணன் சொன்னதையே கேள்.

2. பி.டி. சாரிடம் மாஸ்டரைப் பற்றிப் பேசாதே. மாஸ்டரிடம் பி.டி. சாரைப் பற்றி மூச்சு விடாதே. காலை நாலரைக்கு நாலுவழிச் சாலை ஓரமாக எட்டு கிலோமீட்டர் ஓடு. மாலை நாலரைக்கு மைதானத்தில் நாற்பது ரெய்டு பிடி. செவ்வாய்க்கிழமை மாஸ்டர் தவளைப் பாய்ச்சல் விடச் சொல்வார், விடு. அன்றைக்கே சாரும் தவளைப் பாய்ச்சல் விடச் சொல்வார், அதையும் விடு. இரண்டு பேரும் நல்லவர்கள். ஒருவருக்கொருவர் போன் பண்ணி, "இந்த வாரம் இவன் காலை நீங்க எடுத்துக்குங்க, அடுத்த வாரம் நான் எடுத்துக்கிறேன்" என்று பேசிவிட்டால் உன் திட்டமே கெட்டுவிடும். போன் நம்பர் கேட்டால் தெரியாது என்று சொல்.

3. ஓய்வு நாள் என்று ஒன்று வைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் டோர்னமென்ட் எதற்கு இருக்கிறது?

4. இப்போது ஓட்டம். இதைக் கவனமாகக் கேள், இதில்தான் நம்மூர்ப் பையன்களை அடிக்க ஆளில்லை. 1.6 கிலோமீட்டர் என்றால் 400 மீட்டர் தடத்தில் நாலு சுற்று. ஐந்தரை நிமிடம் என்றால் 330 விநாடி. நாலால் வகுத்தால் சுற்றுக்கு 82 விநாடி சொச்சம். உன் பள்ளி மைதானத்தில் 200 மீட்டர் தடம்தான் என்றால் எட்டு சுற்று, ஒவ்வொன்றும் 41 விநாடி. எட்டாம் வகுப்புக் கணக்கு. இதைப் போட்டுப் பார்க்காதே. போட்டால், முதல் சுற்றை 82-இல் ஓடுகிறவன் கூட்டத்தின் நடுவே சாதாரணமாகப் போய்க்கொண்டிருப்பான் என்று தெரிந்துவிடும். நடுவில் ஓடுகிறவனைப் பார்த்து எந்த அத்தை மகள் கை தட்டுவாள்? நீ பிஜிலி வெடி மாதிரி கிளம்பு. முதல் சுற்று 65 விநாடி. இரண்டாவது சுற்றில் வாயைத் திற. மூன்றாவதில் விலாவைப் பிடி. நான்காவது சுற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஓடியவன்தான். என் பேட்சில் முதல் சுற்று முடிந்தபோது முன்னூறு பேரில் நான் ஐந்தாவது ஆள். தடத்துக்கு வெளியே நின்ற மாமா, "மாப்ளே, முடிச்சிட்டடா!" என்று கத்தினார். கடைசி வளைவில் கரிசல் புழுதி தொண்டைவரை வந்துவிட்டது. கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே ஓடினேன். நேரம் முடிந்ததும் கோட்டுக்குக் குறுக்கே இரண்டு ஜவான்கள் கயிறு பிடித்துவிடுவார்கள். அந்தக் கயிறு என் நெஞ்சில் பட்டது. புது நைலான் கயிறு, மஞ்சள் நிறம். இன்றைக்கும் மஞ்சள் கயிற்றைப் பார்த்தால் மூச்சு வாங்கும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை.

5. புல்அப்ஸைப் பள்ளி வேப்பமரத்தில் பழகு. கிளை உன் எடைக்கு வளைந்து கொடுக்கும், அதுவே பாதி உதவி. கையை முழுசாக நீட்டாதே. காலை உதைத்து உதைத்து ஏறு. எண்ணுவதற்கு உயிர் நண்பனை நிறுத்து. ஏழு எடுத்தால் பத்து என்று சொல்லுகிறவன்தான் உயிர் நண்பன். முகாமில் எண்ணுகிற ஹவில்தார் உன் நண்பன் இல்லை. தாடை கம்பிக்கு மேலே வரவில்லையென்றால் "ஏக்... ஏக்... ஏக்..." என்று அதே ஒன்றிலேயே நிற்பார். இந்தி உனக்கு நன்றாக விளங்குகிற நாள் அதுதான்.

6. முகாமுக்கு முந்தின இரவு விருதுநகரில் இறங்கு. எண்ணெய்ப் பரோட்டா நாலு, சால்னா தளும்பத் தளும்ப. "சத்து வேணும்ல" என்று பெரியப்பா இன்னொரு செட் சொல்வார், மறுக்காதே. வழியில் கொறிக்க சாத்தூர் சேவு. விடிகாலை மூன்று மணிக்குப் பச்சை முட்டை.

7. ஷூவை அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுக்கவேண்டும்.

8. தீபாவளி சீசன் வந்ததும் பயிற்சியை நிறுத்திவிடு, ஆனால் நிறுத்தியதாக ஒத்துக்கொள்ளாதே. சாத்தூர் ரோட்டில் சித்தப்பாவின் பட்டாசுக் கடை. வெளியூர்க் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். கிஃப்ட் பாக்ஸைத் தூக்கி டிக்கியில் வை. "அது வேணாம், பெருசு" என்பார்கள், இறக்கு, மறுபடி தூக்கு. இதை "வெயிட் டிரெயினிங்" என்று டைரியில் எழுது. ராத்திரி பன்னிரண்டுக்குக் கடை சாத்தி, இரண்டு வாரம் மூணு மணி நேரத் தூக்கம் தூங்கு. தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை தெருவெல்லாம் காகிதக் குப்பையும் புகையுமாகக் கிடக்கும்போது, விட்டதைப் பிடிக்க ஒரே மூச்சில் பத்து கிலோமீட்டர் ஓடு. மழையில் நமத்துப்போன சரம் எப்படி வெடிக்கும் தெரியும்தானே? அங்கொன்று, இங்கொன்று.

9. கணுக்கால் பிசகினால் யாரிடமும் காட்டாதே. ஆச்சி விளக்கெண்ணெய் போட்டு நீவிவிடுவாள். மறுநாள் அரையிறுதியில் இறங்கு. வீக்கத்தைச் சாக்ஸ் மறைத்துவிடும்.

10. மருத்துவப் பரிசோதனையைப் பற்றிக் கவலையே படாதே. காது அழுக்கை எடுத்துவிட்டு வா என்று என்.டி.ஏ. அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். பத்து மாதம் ஓடுகிறவனுக்குப் பத்து நிமிடம் காது டாக்டரிடம் உட்கார நேரம் ஏது? பொங்கல் கபடியில் கோப்பை ஜெயித்த ஜோரில் அணிப் பெயரைத் தோள்பட்டையில் பச்சை குத்து. முன்னங்கையின் உட்பக்கமும் புறங்கையும் தவிர வேறு இடத்தில் நிரந்தரமாகக் குத்தக்கூடாது என்பது விதி. அதனால்தான் தோள்பட்டை.

11. என்.டி.ஏ. எழுத்துத் தேர்வு தேறி எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டால் (வராது, ஒரு பேச்சுக்கு) ஐந்து நாள் அங்கே இருக்கவேண்டும். அங்கே எல்லாரும் ஒன்றாகக் கட்டையும் கயிறும் வைத்துத் தடை தாண்டவேண்டும். பாம்பு மாதிரி நீளமான சுமையைக் குழுவாகத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். கார்னரும் கவரும் கை கோத்து ரெய்டரை மடக்குகிற அதே வேலைதான். நீ அதை நினைவில் வைத்துக்கொள்ளாதே. இந்தக் கபடிதான் படிப்பைக் கெடுத்தது, ஓட்டத்தைக் கெடுத்தது என்று ஒரு வருடமாக வீட்டில் சொல்லி வந்திருக்கிறாயே, அங்கேயும் அதையே சொல். அதிகாரி உன் விளையாட்டைப் பற்றிக் கேட்டால், "என்னாலதான் டீம் ஜெயிச்சது சார்" என்று முடித்துக்கொள்.

தங்கச்சிகளும் இதைப் பின்பற்றலாம். 2021-இல் உச்ச நீதிமன்றம் என்.டி.ஏ. கதவைப் பெண்களுக்கும் திறக்கச் சொல்லி, 2022-இல் உள்ளே போன முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்துவிட்டார்கள். உங்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி உண்டு: விடியற்காலை நாலரைக்கு ரோட்டில் ஓட வீட்டிலேயே விடமாட்டார்கள். காரணம் தேடும் வேலை மிச்சம்.

12. கடைசியாக, காரணங்கள். இவற்றை இப்போதே மனப்பாடம் செய். பி.டி. சாரிடம்: "மாஸ்டர் ரொம்ப ஓடவிட்டுட்டார் சார்." மாஸ்டரிடம்: "ஸ்கூல்ல மேட்ச் சார்." அப்பாவிடம்: "கடையில நின்னதால வந்தது." அம்மாவிடம் எதுவும் சொல்லவேண்டாம், "எவனோ காசு கொடுத்து உள்ள போயிட்டான்" என்று அவளே சொல்லிவிடுவாள்.

என்.டி.ஏ.வுக்கு வயது வரம்பு பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை. ஏப்ரலில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று வருடத்துக்கு இரண்டு தேர்வு. உனக்கு இன்னும் இரண்டோ மூன்றோ மிச்சமிருக்கும். நம்மூரில் ஆடிப்பெருக்கு அன்றைக்கே பூஜை போட்டு அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தை வெளியே விட்டுவிடுவார்கள். பிரஸ்ஸில் வேலை பார்க்கிற அண்ணனிடம் சொல்லி ஒன்று வாங்கிவா. பேனா மூன்றும் டி.வி. மேலேதான் கிடக்கிறது.