துப்பாக்கிக்குப் பொட்டு

(மந்தைவெளியில் ஒரு பழைய ஃப்ளாட். மாமா, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஏர் பிஸ்டல் பைத்தியம். மருமான், டெக்ஸாஸிலிருந்து மூன்று வார லீவு.)

மருமான்: இன்னுமா மாமா இரும்புக் குறியை வெச்சுண்டு சுடறேள்? அங்கெல்லாம் ரெட் டாட்டுக்கு மாறியாச்சு. தாத்தா ரிவால்வருக்கும் ஒண்ணு வெச்சுடலாம்.

மாமா: வருஷா வருஷம் ஆயுத பூஜையன்னிக்கு மாமி குங்குமத்துல வெக்கறாளேடா.

மருமான்: விளையாடாதீங்கோ.

மாமா: சினிமால வில்லன் நெஞ்சுல சிவப்பா ஊறுமே, அதுவா?

மருமான்: அது லேசர். இதுல வெளிய ஒண்ணும் போகாது. உள்ள குட்டி எல்.இ.டி.; வெளிச்சம் கண்ணாடில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பும். எதிராளிக்குத் தெரியாது.

மாமா: நமக்கேது எதிராளி, ஃப்ளாட் அசோசியேஷன் செக்ரட்டரியைத் தவிர?

மருமான்: கேளுங்கோ. பின் குறி, முன் குறி, இலக்கு... மூணும் மூணு தூரத்துல. ஒரே சமயத்துல மூணையும் தெளிவா பார்க்க யார் கண்ணாலயும் முடியாது. வயசானா முன் குறியே மசமசன்னு ஆயிடும். இதுல இலக்கை மட்டும் பாருங்கோ, புள்ளி அதும் மேல வந்து உட்கார்ந்துக்கும்.

மாமா: (குரலைத் தாழ்த்தி) வாஸ்தவம்தான். எனக்கு முன் குறி கம்பளிப்பூச்சி மாதிரி தெரியறது. கிளப்ல மூச்சு விடலை.

மருமான்: அப்புறம் என்ன யோசனை!

மாமா: ஆனா எனக்கு சிலிண்டர் பவர் இருக்கே?

மருமான்: (இறங்கிய குரலில்) அப்படின்னா... புள்ளி வட்டமா தெரியாது. கமா மாதிரி வால் நீளும்.

மாமா: கம்பளிப்பூச்சியைக் குடுத்துட்டு கமாவை வாங்கிக்கணும். சரி, மேல சொல்லு.

மருமான்: பழகிடும் மாமா. ஆரம்பத்துல எனக்கும் புள்ளியே கிடைக்கலை. துப்பாக்கியை உசத்தி, தொலைஞ்ச சாவியைத் தேடற மாதிரி ஆட்டி ஆட்டிப் பார்ப்பேன். ரெண்டாயிரம் தோட்டா சுட்டப்புறம் சரியாச்சு.

மாமா: ரெண்டாயிரமா! இங்க லைசென்ஸ்ல எழுதியிருக்கற கணக்குக்கு மேல ஒரு தோட்டா வாங்க முடியாது. குறியை மாட்டத் துளை போடறதுக்கும் லைசென்ஸ் இருக்கற கடைதான் வேணும். இத்தனைக்கும் தாத்தா ரிவால்வர் வாசப்படி தாண்டறதே தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன்ல ஒப்படைக்கத்தான். ரசீதைக் காட்டிக் கூட்டிண்டு வருவேன்.

மருமான்: சரி, உங்க ஏர் பிஸ்டலுக்காவது?

மாமா: 10 மீட்டர் தூரம். நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர். ஒத்தைக் கை. 75 நிமிஷத்துல 60 குண்டு.

மருமான்: அதுக்குன்னே பண்ணினது மாமா இது! 1975லயே ஸ்வீடன்ல எய்ம்பாயிண்ட்காரா கொண்டுவந்தா. இப்ப பேட்டரி வருஷக்கணக்கா வரது.

(இங்கே மருமான் பேட்டரியைப் பற்றிப் பேசியதை அப்படியே எழுதினால் இதழ் தாங்காது.)

மாமா: 2024 பாரிஸ்ல துருக்கிக்காரர் யூசுப் டிகெச், ஒரு கையைப் பாக்கெட்ல விட்டுண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோட வந்து வெள்ளி வாங்கிண்டு போனாரே, பார்த்தியா?

மருமான்: பார்த்தேன், பார்த்தேன்.

மாமா: அதே கலப்பு அணிப் போட்டியிலதான் நம்ம மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம்.

மருமான்: ரெட் டாட் மாத்திரம் வெச்சிருந்தா தங்கமே வந்திருக்கும்!

மாமா: வெச்சிருந்தா சுடவே விட்டிருக்க மாட்டா. ஒலிம்பிக்ல பிஸ்டலுக்குத் திறந்த குறி மட்டும்தான். துப்பாக்கி மேல லென்ஸ், லேசர், மின்சாரப் புள்ளி, எதுவும் கூடாது. எங்க போட்டிக்கும் அதே விதிதான்.

மருமான்: அரை மணியா தொண்டை வத்தறது எனக்கு. முதல்லயே சொல்லப்படாதா?

மாமா: ஆசையா பேசிண்டிருந்தே. காபி வர வரைக்கும் பேசட்டும்னு விட்டேன். கண்ணுல கண்ணாடி போட்டுக்கறதுக்குத் தடையில்லை. என் பவர் மாறிடுத்து. வண்டியை எடு. ஆர்.கே. மடம் ரோடு மெட்ரோ வேலையில கிடக்கு, சுத்திண்டு போகணும். கடை எட்டு மணிக்கு மூடிடுவான்.